பச்சைப் பொட்டு வைத்த பதினொரு ஆடுகள்

செய்தி வந்தபோது என் தலையில் பாதி கறுப்பாகவும் பாதி உண்மையாகவும் இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மாதத்துக்கு ஒருமுறை நான் என் வயதைக் குறைத்துக்கொள்ளும் சலூனில் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் நஸீர் நானா. கொட்டாஞ்சேனையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். நானாவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது என்று நான் பதினைந்து வருடமாக நம்பியிருந்தேன். அன்று மெதுவாகக் கதைத்தார்.

"தம்பி, டொக்டர் மௌத்தாப் போய்ட்டாங்க. காலைல தேத்தண்ணிக் கோப்பய கைல எடுத்தபடியே. தங்கச்சி கோல் எடுத்துச் செல்லிச்சி. நீங்க எங்க ஈக்கிறீங்க?"

மரணச் செய்தியைக் கேட்கும் நேரத்தில் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மற்றப் பக்கத்துக்கும் பூச இன்னும் பத்து நிமிடம் வேண்டும் என்றான் சலூன்காரன். கழுவிவிடு என்று எழுந்துவிட்டேன். காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடந்தால் டொக்டரின் தொடர்மாடி. கதவைத் திறந்தவர் அவருடைய தங்கை மலர். அழுது வீங்கிய முகத்தோடு என் தலையைப் பார்த்தார். இடது பக்கம் முப்பது வயது, வலது பக்கம் ஐம்பத்துநாலு. "ஐயோ, இதை அக்கா பார்க்காமப் போயிட்டாவே," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அதன் பிறகுதான் சத்தமாக அழுதார்.

பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஏற்கெனவே பலமுறை சொன்னதுதான். "வெளியில பூசி ஒண்டும் நடக்காது காணும். உள்ளுக்குள்ள என்ன குறையுதெண்டு பாரும்." தலைமயிரைப் பற்றிச் சொன்னாரோ ஆட்டைப் பற்றிச் சொன்னாரோ தெரியாது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று தங்கை மலர் கேட்டபோது கொஞ்சம் பயந்தேன். நம்மவர்களின் மலர்கள் எப்படி இருக்கும் என்று இதைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முதற்பக்கத்தில் படம், அடுத்ததில் வம்சாவளி, பிறகு வரிசையாகப் புலம்பல்: சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல், பெறாமக்கள் புலம்பல். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்கிற மாதிரி அச்சகத்திலேயே பாட்டுத் தயாராக இருக்கும். ஒரு செத்தவீட்டு மலரை வாசித்துவிட்டு டொக்டர் எனக்குக் கட்டளையே போட்டிருக்கிறார். "என்ர மலரில ஒரு வெண்பாவும் வரப்படாது. எழுதிறதெண்டால் ஆட்டைப் பற்றி எழுதும். வாசிக்கிற ஆருக்காவது பிரயோசனப்படும்." எனவே உறவினர்களே, நண்பர்களே, மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஆட்டைப் பற்றியது.

டொக்டர் யோகராணி அரசாங்கத்தில் கால்நடை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. கொட்டாஞ்சேனையில் கால்நடை மருந்து இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பனிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகராக வந்தார். அங்கே மேல்மாடி மூலையில் மருந்துகளுக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையில் பகிடிக் கட்டுரை எழுதுவேன். வார நாட்களில் பகிடி என்று தெரியாமலே எழுதுவேன். செம்மறியைப் பற்றி அப்போது நான் அறிந்திருந்தது, அது சோற்றோடு வரும் என்பது மட்டும்.

எங்கள் முதல் சந்திப்பே சிவப்பு மையில் நடந்தது. ஆட்டுக்குக் கொடுக்கும் ஒரு தாதுக் குளிசைக்கான பிரசுரத்தில், 'உங்கள் மந்தையெங்கும் மகிழ்ச்சி துள்ளும்' என்று எழுதியிருந்தேன். மிகவும் பெருமைப்பட்ட வரி. டொக்டர் அதைக் குறுக்காக வெட்டி மேசையில் வைத்தார்.

"ஆட்டுக்கு மகிழ்ச்சி வேண்டாம். கடுகளவு செம்பு வேணும், அதிலும் குறையக் கோபால்ட் வேணும், செலீனியம் வேணும். சுவட்டு மூலகம் எண்டு பேர். மிகவும் கொஞ்சம்தான் வேணும், ஆனா அந்தக் கொஞ்சம் இல்லாட்டி ஆடு இல்லை. அதை எழுதும்."

"அதில கவர்ச்சி இல்லையே, டொக்டர்."

"நீர் ஆட்டுக்கோ பொம்பிளை பார்க்கிறீர்?"

அந்தப் பிரசுரம் அவர் சொன்னபடியே அச்சானது. அதைப் பார்த்துத்தான் செல்வமணி எங்களைத் தேடி வந்தாள். என் துள்ளல் வரிக்கு யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் நின்றபடியே வந்து, மடியில் ஒரு சீலைப் பொட்டலத்தோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள் செல்வமணி. நாற்பது வயதிருக்கும். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். இவள் சிறு வயதிலேயே வத்தளைக்கு வந்து உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தவள். தொழிற்சாலை மூடியபோது கையில் கொடுத்ததை எல்லாம் செம்மறியாக மாற்றினாள். வத்தளைக்கு அப்பால் கடலோரமாக ஒரு தென்னங்காணி; ஆடுகள் புல்லைத் தின்று சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்று காணிக்காரர் விட்டிருந்தார். முப்பத்துநாலு தாய் ஆடுகள். வேறு வருமானம் கிடையாது.

பொட்டலத்தை அவிழ்த்தாள். பிறந்து ஒரு நாளான குட்டி. முன்னங்காலை ஊன்றியது; பின்பக்கம் ஆடிக்கொண்டே போய்ச் சரிந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி சரிந்தது.

"போன ஈத்துல ஒம்போது இப்படிப் பொறந்திச்சுங்க. இந்த ஈத்துல இது ஏழாவது. பால் குடிக்கணும்னா நிக்கணும்ல டொக்டரம்மா? நிக்க முடியாம அப்படியே கெடந்து போயிருது. காணிக்காரரு மண்ணுக்குத் தோஷம்ங்கிறாரு. எங்க மச்சான் எல்லாத்தையும் வித்துட்டு வீட்டு வேலைக்குப் போங்கிறாரு."

நஸீர் நானா அந்த நேரம் பார்த்து அங்கே இருந்தார். தற்செயல் என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். உண்மை என்னவென்றால், முழு மந்தையையும் வாங்கிக்கொள்கிறேன் என்று செல்வமணியிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தவர் அவர்தான். "புள்ள, நல்லா ஈக்கிற நேரத்துலயே குடுத்துரு. பொறகு கவலப்படுவாய்," என்று அன்றும் சொன்னார்.

டொக்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து குட்டியின் முதுகை விரலால் நீவினார். பிறகு சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"இந்தக் குட்டியை என்னால காப்பாத்த ஏலாது, செல்வமணி. பொய் சொல்லமாட்டன். தாயின்ர வயித்துக்குள்ளயே முதுகு நரம்பு சரியா உருவாகேல்லை. ஆனா இனிப் பிறக்கப் போறதுகள் எழும்பி நிக்கும். அதுக்கு எனக்கு இன்னும் ஒரு ஈத்துத் தாரும்."

செல்வமணி நானாவைப் பார்த்தாள். நானா தாடியைத் தடவினார். "ஒரு ஈத்துக்கு நான் பொறுக்கிறேன். அதுக்குப் பொறகும் குட்டி விழுந்திச்சின்னா மந்தை எனக்கு. சரிதானே டொக்டர்?"

"ஓம்," என்றார் டொக்டர். சத்தியம் செய்வது போல.

அந்தக் குட்டி அடுத்த நாள் இறந்தது. அதன் ஈரலில் ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்வரை டொக்டர் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார், தோசை மாவுக்குப் பக்கத்தில். மலர் வெள்ளிக்கிழமை விரதக்காரி. திறந்து பார்த்த மலர் இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை, தமக்கையோடு கதைக்கவும் இல்லை. தோசை மா மட்டும் தன்பாட்டில் புளித்துக்கொண்டிருந்தது. தாய் ஆடுகளின் இரத்தம் எடுக்கப் போன நாளில் நானும் கூடப் போனேன். திரும்பும்போது கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயில். தெஹிவளைக்குப் போகிற சனம் முழுவதும் அதற்குள். டொக்டரின் மடியில் ஐஸ் போட்ட பெட்டி. பக்கத்து இருக்கை அம்மா ஆசையோடு விசாரித்தார்.

"மீனோ பிள்ளை? என்ன மீன்?"

"மீன் இல்லை. ரத்தம்."

மூன்று இருக்கைகள் காலியாகின. "இரும்," என்றார் டொக்டர் என்னிடம், ஒன்றும் நடக்காதது போல. வெள்ளவத்தை ரயிலில் மாலை நேரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வந்த இருவர் நாங்கள்தான்.

முடிவு வந்தது. செம்பு இருக்கவேண்டிய இடத்தில் பேருக்குத்தான் இருந்தது. கோபால்ட்டும் செலீனியமும் கூடக் குறைவு. கடற்கரை மணல். மழை வந்தால் உள்ளதையும் கழுவிக்கொண்டு போய்விடும். புல் பச்சையாக இருக்கும், வயிறும் நிறையும், ஆனால் அந்தக் கடுகளவு மட்டும் அதில் இருக்காது. தோஷம் மண்ணில்தான், காணிக்காரர் சொன்னது பாதி சரி. நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்றைச் செல்வமணி முன்னரே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மந்தையிலே சண்டித்தனம் பண்ணும் இரண்டு ஆடுகள் அதை முழு உரிமையோடு நக்கின. மிச்சத்தை மழை நக்கியது.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. "டொக்டர், செம்புதானே குறைவு? தண்ணித் தொட்டியைச் செப்பில செய்து வைச்சால் என்ன? மாட்டுக்குக் குடுக்கிற தாதுத்தூளில நல்லாச் செம்பு இருக்குதே, அதை அள்ளிப் போட்டால் என்ன?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அது கெட்ட அறிகுறி. "மாடு தாங்கும். செம்மறி தாங்காது. குறைஞ்சால் குட்டி விழும். கூடினால் அந்தச் செம்பு ஈரலில சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் தாயே விழும். அளந்து குடுக்காத மருந்துக்கு நஞ்செண்டு பேர், எழுத்தாளர் ஐயா."

அதனால்தான் மெதுவாகக் கரையும் குளிசை. விரலின் ஒரு கணு அளவு இருக்கும். கண்ணாடியால் ஆனது, மூன்று மூலகங்களும் அதற்குள்ளேயே உருக்கிச் சேர்த்தவை. நீளக் குழாயால் ஆட்டின் நாக்குக்குப் பின்னால் விட்டால், விழுங்கும். பாரத்தால் இரைப்பையின் அடியில் கல்லுப்போலக் கிடக்கும். ஏறக்குறைய அரை வருடம், ஒவ்வொரு நாளும் ஒரு துளி. செல்வமணி தினமும் முப்பத்துநாலு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஆடுகள் மறுபடி சினைப்பட்டதும் நாள் குறித்தோம். குளிசை போட மூன்று பேர்: டொக்டர், செல்வமணி, நான். என்னை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், டொக்டரும் கேட்டார். நானாகவே முன்வந்தேன். அதற்காக ஒரு வாரம் அலுவலகத்தில் வாய் குறுகிய கூஜா ஒன்றுக்குக் குளிசை ஊட்டிப் பழகினேன். கூஜா ஒருதடவையும் துப்பவில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

டொக்டரின் ஒழுங்கு இப்படி. ஆளுக்கொரு தென்னை மரம். மரத்தடியில் கயிறு கட்டிய அடைப்பு. டொக்டருக்குப் பன்னிரண்டு ஆடு, எங்களுக்குப் பதினொன்று பதினொன்று. போட்டு முடித்த ஆட்டின் நெற்றியில் ஒரு பொட்டு: டொக்டருக்கு நீலம், செல்வமணிக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. பிறகு அரை மணித்தியாலம் யாரும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. அடைப்புக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஏன் டொக்டர் அரை மணித்தியாலம்?"

"செம்மறி உம்மைப் போல. வாங்கும், தலையாட்டும், கன்னத்துக்குள்ள ஒளிச்சு வைக்கும். நீர் அங்கால போனவுடன துப்பும்."

வேலை தொடங்கியது. என் பதினொன்றையும் நான் மற்ற இருவருக்கும் முன்பே முடித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த நேரம் பார்த்து நஸீர் நானா வந்து இறங்கினார், தன் வான் வண்டியில், நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரு பெரிய சஹன் தட்டோடு. மந்தை தனக்கே வரப்போகிறது என்ற நம்பிக்கையில் எல்லோருக்கும் புரியாணி. மூடியைத் திறந்தார். காற்று என் பக்கம் அடித்தது.

பத்து நிமிடம் நின்றிருப்பேன். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கை கழுவினேன். மற்ற இருவரும் தங்கள் அரை மணித்தியாலத்தை முடித்துக்கொண்டு வந்தபோது, குளிசைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். "பதினொண்டுக்குப் பதினொண்டு, டொக்டர். பெட்டி காலி."

டொக்டர் சஹனுக்கு முன்னால் உட்காரவில்லை. நேரே என் மரத்தடிக்கு நடந்தார். முழங்காலிட்டுப் புல்லை விலக்கினார். ஒன்றை எடுத்தார். எச்சிலில் மினுங்கியது, முழுசாக. இன்னும் தேடினார். இன்னொன்று. நானும் செல்வமணியும் ஓடிப்போய்த் தேடினோம். மரத்தடியில் மூன்று, ஆடுகள் வெளியே போன தடத்தில் ஒன்று. நாலு. மற்ற இரண்டு மரத்தடியிலும் ஒன்றுகூட இல்லை.

"நீர் என்னத்தை எண்ணினீர்?"

"பெட்டியை, டொக்டர்."

"ஆட்டை எண்ண வேண்டிய இடத்தில பெட்டியை எண்ணினீர்."

செல்வமணி அவசரமாகச் சொன்னாள். "பரவால்லீங்க, பச்சப் பொட்டு எல்லாத்துக்கும் இன்னொன்னு போட்டுருவோம்."

"ஏலாது," என்றார் டொக்டர். "ஏழு ஆட்டுக்கு உள்ள போயிட்டுது. இன்னொண்டு போட்டால் அதுகளுக்கு நஞ்சு. நாலு ஆட்டுக்கு உள்ள இல்லை. போடாட்டி அதுகளின்ர குட்டி விழும். எது ஏழு, எது நாலெண்டு தெரியாது."

ஆடுகள் பச்சைப் பொட்டோடு ஒன்றுபோல நின்று என்னைப் பார்த்தன. செல்வமணியும் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், நீங்க போய்ச் சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள். என் ஆயுளில் நான் கேட்ட ஆகக் கடுமையான வசை அதுதான். அன்று அந்தச் சஹனில் யாரும் கைவைக்கவில்லை. நானாவே மூடி எடுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வேலை மட்டும் தந்தார். மூன்று வாரம் காத்திருந்து, பச்சைப் பொட்டுப் பதினொன்றிலும் இரத்தம் எடுத்தோம். நான் ஆடுகளைப் பிடித்தேன். பொட்டு அழியாமல் இருக்க அதுவரை நாலுநாளைக்கு ஒருமுறை வத்தளைக்குப் போய்ப் பச்சை பூசினவனும் நானே. செல்வமணி தன் ஆடுகளுக்கு இலக்கம் போடுவதில்லை, பெயர்தான். அதனால் குழாய்களிலும் பெயர்தான் எழுதினோம். ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண் தயக்கத்தோடு தொலைபேசியில் வாசித்தார்: "மூக்குத்திக்குக் குறைவு... சோம்பேறிக்குக் குறைவு... இளவரசிக்குக் குறைவு... மன்னிக்கவேணும், டீச்சருக்கும் குறைவு." மற்ற ஏழும் ஏறியிருந்தன. துப்பிய குளிசை நாலு, பெயரும் நாலு. கணக்குச் சரி. டொக்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். எதிரியைப் பிடித்துவிட்ட தளபதி அப்படித்தான் தட்டுவான்.

அந்த நாலுக்கும் குளிசை போடும்படி குழாயை என் கையில்தான் தந்தார். "பிழை விட்ட கை திருத்தினால்தான் அடுத்தமுறை விடாது." டீச்சரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய தொண்டையில் அந்தக் கட்டி இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அரை மணித்தியாலம் நின்றேன். ஒரு மணித்தியாலம் நின்றேன். டொக்டர் வந்து, "காணும், அவளுக்கும் அலுத்துப்போச்சு," என்றார்.

பிறகு வயிறு பெருக்கும் காலம். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட நான் அவ்வளவு நகம் கடிக்கவில்லை என்று மனைவி வெளியில் சொல்லித் திரிந்தாள். ஒரு காலை, அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. செல்வமணி. மூச்சு வாங்கியது.

"சார், டொக்டரம்மாட்ட குடுங்க. வேணாம், நீங்களே சொல்லுங்க. நிக்குது சார். நிக்குது!"

நாள்தோறும் அடித்தது. நீலப்பொட்டுக் குட்டிகள் நின்றன. சிவப்புப்பொட்டுக் குட்டிகள் நின்றன. பச்சையில் ஒழுங்காக விழுங்கிய ஏழின் குட்டிகளும் நின்றன. பிறக்கும்போதே இறந்தது ஒன்று. அதையும் டொக்டர் விடவில்லை, வெட்டிப் பார்த்து, நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பிரசவம் நீண்டதால் போனது என்று எழுதி வைத்தார். வென்றுகொண்டிருக்கும்போதும் கணக்கை மறைக்காத மனுசி. கடைசியில் பாக்கி நின்றவை என்னுடைய நாலு. மூக்குத்தி ஈன்றாள். சோம்பேறி தன் பெயருக்கு ஏற்ப ஒரு வாரம் பிந்தினாள். இளவரசி ஈன்றாள். எல்லாம் நின்றன. டீச்சர் மட்டும் மிச்சம்.

டீச்சருக்கு ஈற்று நோவு கண்டது ஒரு வெள்ளிக்கிழமை பகல். எல்லோரும் அங்கே நின்றோம், நானா உட்பட. தன் மந்தையாகப் போகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமே. ஒரு குட்டி வந்தது, பின்னாலேயே இன்னொன்று. இரட்டை. டீச்சர் நக்கினாள். முதலாவது முன்னங்காலை ஊன்றியது. பின்பக்கம் ஆடியது. செல்வமணி என் கையைப் பிடித்தது அவளுக்கே தெரியாது. பின்பக்கம் ஆடி, ஆடி, நின்றது. நாலு காலும் மணலில். இரண்டாவது எழும்பி முதலாவதை இடித்துத் தள்ளிவிட்டு மடியைத் தேடிப் போனது.

"நான் தோத்துட்டேன்!" என்று நஸீர் நானா வானத்தைப் பார்த்துக் கத்தினார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தோத்துட்டேன்!" தோற்ற மனிதர் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த நிமிடமே அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கடாக்கள் தனக்குத்தான் என்று செல்வமணியிடம் பேசி முடித்தார்.

அவருடைய வான் வண்டியில் மறுபடியும் ஒரு சஹன் இருந்தது. டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். "போன தரம் சாப்பிடேல்லை. கொண்டாங்கோ."

"டொக்டர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்று நினைவூட்டினேன்.

"மலரிட்டச் சொல்லாட்டிச் சரி."

நானா மூடியைத் திறந்தபடி கூச்சத்தோடு சொன்னார்: "ஆடு போடல்ல, டொக்டர். கோழிதான். ஒரு மரியாதைக்கு."

ஒரே சஹனைச் சுற்றி நாலு பேர். ஐந்தடி தூரத்தில் டீச்சரின் இரட்டைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. டொக்டரின் முகத்தை நான் அன்று பார்த்த மாதிரி வேறு ஒருநாளும் பார்த்ததில்லை. மலர், அந்தப் புரியாணி விசயம் உங்களுக்கு இப்போதுதான் தெரியவருகிறது. மன்னியுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சினைக்காலத்திலும் முதலில் இரத்தம், பிறகு முடிவு, பிறகு குளிசை. தேவையில்லை என்று முடிவு சொன்ன தடவை போடாமலும் விட்டோம். மூன்று மரம், மூன்று நிறம், அரை மணித்தியாலம். பக்கத்துக் காணிகளிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். விழுந்த குட்டியென்று ஒன்றை அந்தக் காணியில் பிறகு யாரும் பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்குச் செல்வமணி வந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கைத்தொலைபேசியை டொக்டரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். போன ஈற்றுக் குட்டிகள் காணி முழுக்கத் துள்ளும் படம். நான் என்றோ எழுதி டொக்டர் வெட்டின வரி கண்முன்னால் ஓடியது. சனம் ஒருமாதிரிப் பார்த்தது. செல்வமணி ஒருவரையும் பார்க்கவில்லை. படம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டாம் நாள் டொக்டரின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இறப்பதற்கு இரண்டு வாரம் முன் அவரே எடுத்து அனுப்பிய இரத்தத்தின் முடிவு. செம்பு மறுபடி இறங்கியிருக்கிறது. அவரோடு வேலை செய்த இன்னொரு டொக்டரிடம் காட்டினோம்; போடத்தான் வேண்டும், பிந்தக் கூடாது என்றார். மலர் அலுமாரியைத் திறந்தார். குளிசைப் பெட்டிகள், குழாய்கள், நீலம், சிவப்பு, பச்சை. எல்லாம் அடுக்கி, மேலே அவருடைய கையெழுத்தில் நாள்கூடக் குறித்து வைத்திருந்தது. குழாயைக் கையில் எடுத்தபோது, அவர் இல்லாமல் இதைச் சரியாகச் செய்வோமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. செல்வமணியிடம் சொன்னேன். "கலக்கட்டும் சார். மொதத் தடவ கலக்கல, அதுனாலதான் துப்புச்சு," என்றாள்.

இருபதாம் நாள் போனோம். கடிதத்தைப் பார்த்துச் சொன்ன அந்த டொக்டர் மேற்பார்வை பார்த்தார். டொக்டரின் குழாயும் நீலமும் செல்வமணியின் கையில். மந்தை இப்போது பெரிது, ஆனாலும், "சாருக்குப் பதினொன்னு போதும்," என்றுவிட்டாள். ஒவ்வொரு தொண்டையிலும் அது இறங்குவதைப் பார்த்தேன். பச்சைப் பொட்டு வைத்தேன். நானா வந்தார், சஹனோடு. மூடியைத் திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "டொக்டர் இல்லன்னு நெனச்சிராதீங்க தம்பி. நான் ஈக்கிறேன்."

என் மேசையில் ஒரு குளிசை இருக்கிறது. அன்று புல்லிலிருந்து எடுத்த நாலில் ஒன்று. டொக்டர் அதைக் கழுவி, "இதைப் பார்த்துக்கொண்டு எழுதும்," என்று வைத்துவிட்டுப் போனது. அவருடையதென்று நான் வைத்துக்கொள்ளப் போவது அதுவும் அந்த அரை மணித்தியாலமும்தான். எழுதி முடித்ததும் எழும்பிப் போகாமல், உள்ளே இறங்கியதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் அரை மணித்தியாலம். தலைக்குப் பூசுவதை விட்டுவிட்டேன் என்றும் சொல்ல ஆசைதான், ஆனால் அவர் பொய்யை வெட்டிவிடுவார். வலது பக்கத்தையும் பூசிக்கொண்டுதான் இந்த மலருக்குப் படம் எடுத்தேன்.

அந்த இருபதாம் நாள், அரை மணித்தியாலம் முடிந்தது என்று நானா கையைத் தூக்கினார். கயிற்றை அவிழ்த்தேன். பதினொரு பச்சைப் பொட்டுகளும் ஒவ்வொன்றாக வெளியே போயின. பிறகு நான் முழங்காலில் இறங்கினேன். செல்வமணி இறங்கினாள். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளவத்தையிலிருந்து பார்க்க வந்திருந்த மலரும், காணி மண்ணை வாழ்நாளில் மிதித்திராதவர், பருத்திச் சேலையோடு இறங்கினார். மரத்தடி முழுவதும், தடம் முழுவதும், புல்லைப் புல்லாக விலக்கித் தேடினோம்.

ஒன்றும் கிடைக்கவில்லை, டொக்டர். ஒன்றுகூட இல்லை. இந்தத் தடவை ஆட்டைத்தான் எண்ணினோம்.